இசைத்தட்டு வணிகமும் சரஸ்வதி ஸ்டோர்ஸும்

திருக்கோயிலே இசையின் தாயகம். மதுரை மாநகரில் அங்கயற்கண்ணி அம்மை ஆலயத்தில் வைகறையில் எழும் நாகசுவர ஒலியும், ஓதுவார் மூர்த்திகள் பண்ணோடு பாடும் திருமுறையும் தலைமுறை தலைமுறையாக மக்கள் செவிக்கு விலையின்றிக் கிடைத்துவந்த செல்வங்களாகும். கோயிற் கலைஞர்களுக்கு மானியமாக நிலம் விடப்பட்டது. கேட்பவரிடம் காசு வாங்கும் வழக்கம் இல்லை. இசை என்பது பிறந்த கணத்திலேயே காற்றிற் கரைவது. நெல்லைப்போல அளந்தோ, பொன்னைப்போல நிறுத்தோ விற்கத்தக்க பொருள் அன்று அது.

அத்தகைய இசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரக்குத் தட்டில் அடைபட்டுக் கடைக்கு வந்தது. வந்த நாள்முதல் ஒரு வினாவும் உடன் வந்தது. தட்டிற் பதிந்த பாட்டு யாருக்கு உரியது? இயற்றியவருக்கா, பாடியவருக்கா, பதிவு செய்த கம்பெனிக்கா, விலை கொடுத்து வாங்கியவருக்கா, அன்றிக் கேட்டு மகிழும் மக்களுக்கா? மதுரைக்குக் கிழக்கே காரைக்குடியில் ஒரு கடையிலே தொடங்கிச் சென்னை மவுண்ட் ரோடில் வளர்ந்த ஒரு வணிகத்தின் வரலாறு, இவ்வினாவுக்கு விடை காணத் துணைபுரிவதாகும். அந்த வணிகமே சரஸ்வதி ஸ்டோர்ஸ். அதனை நிறுவியவர் பிற்காலத்தில் திரைப்பட உலகில் பெரும்புகழ் எய்திய ஏவி. மெய்யப்பச் செட்டியார்.

அரக்குத் தட்டு வந்த வழி

அமெரிக்க அறிஞர் எடிசன் 1877-இல் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டார். அவர் பயன்படுத்தியது உருளை. அதனை விடுத்துத் தட்டையான வட்டில் பதியும் முறையை 1887-இல் எமில் பெர்லினர் கண்டார். இதுவே கிராமபோன். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை எடுக்க இயலும் என்பதே இதன் சிறப்பு. இசை வணிகப் பொருளானது இந்த ஒரு காரணத்தாலேயே எனலாம்.

1902-ஆம் ஆண்டு லண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெயிஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாட்டைப் பதிந்துசென்றார். பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே அச்சாகி மீண்டும் இந்தியாவுக்கு வந்தன. ஹானோவர் தொழிலாளர்க்கு இந்திய மொழி தெரியாது. ஆகவே இன்னார் பாடிய பாட்டு என்று அவர்கள் அடையாளம் காணும்பொருட்டுப் பாட்டின் முடிவில் பாடியவரே தம் பெயரைச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. பழைய தட்டுகளில் அக்குரல்களை இன்றும் கேட்கலாம். 1908-இல் கல்கத்தா சீல்டாவில் ஒரு தொழிற்சாலையும், 1928-இல் டம்டமில் அதனினும் பெரிய தொழிற்சாலையும் எழுந்தன. அதன்பின் கப்பற்பயணம் குறைந்தது. கிராமபோன் கம்பெனியின் ஆதிக்கம் வளர்ந்தது.

இத்தட்டுகளின் உயிர்ப்பொருள் அரக்கு. இந்நாட்டு மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் தருவது அது. பாண்டவர்களை எரிக்க மாளிகை சமைத்த அதே பொருள், கலைஞர்களின் குரலைக் காக்கும் பேழையாயிற்று. ஆயினும் தட்டு கனமானது, கைதவறினால் உடைவது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலாகவே பாட்டு அடங்கும். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடி முடித்ததும் மாற்றவேண்டும். சாவி கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இத்தனை தொல்லைகளுக்கு இடையிலும் மக்கள் அப்பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

தமிழ்நாட்டில் முதன்முதல் தட்டுக்குப் பாடியவர்களுள் பெண்மணிகளே மிகுதி. கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலியோர் அவ்வகையில் புகழ் பெற்றனர். ஆடவராகிய வித்துவான்களிற் பலர், இயந்திரத்தில் பாடினால் குரல் கெடும் என்று அஞ்சினர். தம் பாட்டு தெருவில் ஒலித்தால் மதிப்புக் குறையும் என்று கருதினோரும் உளர். கோயமுத்தூர் தாயி பாடிய அருட்பா இசைத்தட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாழ் என்பவரை வயப்படுத்திற்று; அதனைத் தழுவி அவர் ராகமாலிகா என்னும் இசைப்படைப்பை இயற்றினார். வடலூர் வள்ளலாரின் வாக்குப் பாரிசு நகரை எட்டியது ஓர் அரக்குத் தட்டின் துணையாலே என்பது எண்ணி மகிழத்தக்கது.

மதுரையும் இத்துறையில் பின்தங்கவில்லை. வீணை சண்முகவடிவு அம்மையாரின் மகளாக 1916-இல் மதுரையிற் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி, 1926-இல், தம் பத்தாவது வயதிலேயே எச்.எம்.வி. இசைத்தட்டில் பாடினார். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வளர்ந்த ஒரு சிறுமியின் குரல் ஊர் ஊராகச் செல்லுதற்கு அன்று இருந்த வாகனம் அது ஒன்றே.

காரைக்குடிக் கடை

செட்டிநாடு வணிகத்துக்குப் பெயர்பெற்றது போலவே இசைக்கும் பெயர்பெற்றது. கடல் கடந்து ஈட்டிய பொருளைக் கோயில் திருப்பணிகளுக்கு வாரி வழங்கிய நகரத்தார், கலைஞர்களையும் போற்றினர். காரைக்குடி வீணைச் சகோதரர்களான சுப்பராமையரும் சாம்பசிவையரும் ஊரின் பெயரைத் தம் பெயரோடு இணைத்து நாடெங்கும் விளங்கச் செய்தனர். அருகிலுள்ள அரியக்குடியில் 1890-இல் பிறந்த ராமாநுஜ ஐயங்கார், இன்று நாம் கேட்கும் கச்சேரி முறைக்கே வடிவம் தந்தவர். 1952-இல் சங்கீத நாடக அக்காதெமி வழங்கிய விருதுகளில் கருநாடக இசைக்குரியவற்றைப் பெற்றோர் அரியக்குடியாரும் சாம்பசிவையருமே ஆவர். இருவர்க்கும் காரைக்குடிச் சீமையே ஊர் என்பது அந்நிலத்தின் இசைவளத்துக்குச் சான்று.

இத்தகைய ஊரில் ஆவிச்சிச் செட்டியார் ஏ.வி. அண்டு சன்ஸ் என்னும் கடை நடத்திவந்தார். பலசரக்குகளோடு கிராமபோன் இசைத்தட்டுகளும் அங்கு விற்பனையாயின. அவருடைய மகனாக 1907-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் பிறந்தவர் மெய்யப்பர். இளமையிலேயே அவர் கடையில் அமர்ந்தார்.

இசைத்தட்டுக் கடை என்பது ஒரு வகையிற் பள்ளிக்கூடம். துணி வாங்க வருபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார். தட்டு வாங்க வருபவரோ பாடச்சொல்லிக் கேட்பார். எந்தப் பாட்டுக்கு முகம் மலர்கிறது, எந்த இடத்தில் தலை அசைகிறது, எதனைக் கேட்டவுடன் அடுத்த தட்டைப் போடச் சொல்கிறார்கள் என்பதைக் கடைக்காரர் நாள்தோறும் காண்கிறார். கல்கத்தாவிலிருந்து பட்டியல் போடும் வெள்ளைக்கார அதிகாரிக்கு இந்த அறிவு கிட்டாது. விலைபோகாமல் அடுக்கிலே தங்கும் தட்டு கடைக்காரருக்கு நட்டம். ஆகையால் மக்களின் சுவையை அறிவது அவருக்குப் பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. பிறர் பதிந்து அனுப்பும் தட்டுகளை விற்பதோடு நில்லாது, தாமே தட்டுகளை வெளியிடவேண்டும் என்னும் எண்ணம் மெய்யப்பருக்குத் தோன்றியது இந்தப் பட்டறிவினால் என்று கொள்ளுதல் பொருந்தும்.

சரஸ்வதி ஸ்டோர்ஸ்

1932-இல் மெய்யப்பர் சென்னைக்குச் சென்று, கே. பி. வரதாச்சாரி முதலிய நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். வீணை ஏந்திய கலைமகளின் பெயர் இசைவிற்கும் கடைக்குத் தகுந்த பெயரே. ஒடியன் என்னும் ஜெர்மானிய இசைத்தட்டுக் கம்பெனியோடு அந்நிறுவனம் தொடர்பு கொண்டது. ஒடியன் 1903-இல் பெர்லினில் தோன்றியது. அடுத்த ஆண்டே தட்டின் இருபுறமும் பாட்டைப் பதிந்து உலகச் சந்தையில் விற்றுப் புகழ்பெற்றது. வடநாட்டு இசைக்குப் பம்பாயும், தென்னாட்டு இசைக்குச் சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸும் ஒடியனின் நிலைக்களங்களாக விளங்கின.

அந்நாளில் இசைத்தட்டு என்றாலே நாய் மார்க்குத் தட்டு என்று மக்கள் நினைத்த காலம். கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் 1931-இல் இங்கிலாந்தில் இணைந்து ஈ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனமாயின. அத்தகைய மலைக்கு எதிரே ஒரு தமிழ் வணிகர் கடை விரித்தார். இதே காலத்தில் கல்கத்தாவில் மெகாபோன், இந்துஸ்தான் முதலிய சுதேசி நிறுவனங்களும் எழுந்தன. மக்கள் எதனைக் கேட்கவேண்டும் என்பதை அயல்நாட்டார் முடிவு செய்யும் நிலை மாறி, அம்மக்களோடு வாழ்பவரே முடிவு செய்யும் நிலை தோன்றியது. சுதேசி என்னும் சொல் கதருக்கும் உப்புக்கும் மட்டும் உரியதன்று என்பதை இந்நிறுவனங்கள் காட்டின.

இசைத்தட்டு வெளியிடுவோர் செய்யவேண்டிய பணிகள் பல. முதலில் கலைஞரைத் தேர்ந்து இசையச் செய்யவேண்டும், சன்மானம் பேசவேண்டும். அடுத்து, மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்தில் அடக்கப் பழக்கவேண்டும். பல்லவி, அனுபல்லவி ஒரு பக்கம், சரணம் மறுபக்கம் என்று கீர்த்தனத்தைப் பிரிக்கவேண்டும். பிழை நேர்ந்தால் மெழுகைத் திருத்த வழியில்லை. மறுபடியும் முதலிலிருந்து பாடவேண்டும். பின்னர்ப் பாட்டுப் புத்தகம் அச்சிடவேண்டும், ஊர்தோறும் உள்ள கடைகளுக்குத் தட்டுகளை உடையாமல் அனுப்பவேண்டும், பாக்கியைத் தண்டவேண்டும். கலையும் கணக்கும் ஒரே மேசையில் அமர்ந்து நடத்தும் தொழில் இது. இரண்டில் ஒன்று தவறினும் தொழில் நில்லாது.

இசையோடு உரையாடலும் விரவிய இசை நாடகத் தட்டுகளையும் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வெளியிட்டது. நாடகக் கொட்டகை இல்லாத சிற்றூரிலும் புராணக் கதையைப் பாட்டும் பேச்சுமாகக் கேட்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியில் தட்டுகள் முழங்கின. நாகசுவரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நேரிற் கேளாதவரும், அவருடைய இசைத்தட்டைக் கேட்டுத் தோடி இன்னது என்று உணர்ந்தனர். செல்வர் மாளிகையிலும் சபைகளிலும் இருந்த இசை கடைத்தெருவுக்கு வந்தது குறை என்று சிலர் வருந்தினர். வாயிலுக்குள் அழைக்கப்படாதவர் செவிக்கும் அது எட்டியது நிறையேயன்றோ?

எனினும் இந்த நிறுவனத்தின் சுதந்தரத்துக்கு ஓர் எல்லை இருந்ததை மறைத்தலாகாது. ஒடியனின் தாய்நிறுவனமான லிண்ட்ஸ்ட்ராம் 1926 முதலே கொலம்பியாவின் பிடியில் இருந்தது. 1931-க்குப்பின் அதுவும் ஈ.எம்.ஐ. குடையின்கீழ் வந்தது. கலைஞரைத் தேர்வதும் சந்தையை அறிவதும் சென்னையில் நடந்தன; கருவியும் பெயர்ப்பலகையும் அயல்நாட்டாருடையவை. வயலை உழுது விதைத்து அறுவடை செய்தாலும், வாய்க்கால் மடை பிறர் கையில் இருந்தால் உழவன் நிலை என்னவோ, அதுவே இவர் நிலையும்.

வணிகம் திரும்பிய திசை

முப்பதுகளின் இறுதியில் மடை அடைபடத் தொடங்கியது. பெருநிறுவனத்தின் நெருக்குதல் ஒருபுறம். 1931-இல் காளிதாஸ் வெளிவந்ததிலிருந்து பேசும்படம் மக்களை ஈர்த்தது. திரைப்பாட்டுத் தட்டுகளே மிகுதியாக விலைபோயின. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தோன்றி, கச்சேரிகளை வீட்டுக்கே கொண்டுவந்தன. 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியோடு வணிகம் செய்யும் வழியே இல்லாது போயிற்று. அரக்குக்கும் தட்டுப்பாடு வந்தது.

மெய்யப்பர் முன்னரே திரைப்படத் துறையில் கால்வைத்திருந்தார். 1935-இல் அவர் எடுத்த அல்லி அர்ஜுனாவும் ரத்னாவளியும் வெற்றி தரவில்லை. ஆயினும் இசைத்தட்டு வணிகம் கற்பித்த பாடம் வீண்போகவில்லை. பாடுபவரின் உடலிலிருந்து குரலைப் பிரித்து வேறிடத்தில் ஒலிக்கச் செய்யலாம் என்பதே அப்பாடம். 1938-இல் அவர் எடுத்த நந்தகுமாரில், நடித்த பெண்மணிக்காக லலிதா வெங்கட்ராமன் பின்னணி பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாட்டின் தொடக்கம் அது. 1945-இல் வந்த ஸ்ரீ வள்ளியில் கதாநாயகியின் பாட்டுகளுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. செவிக்கு இனியதே நிலைக்கும் என்பதில் இசைத்தட்டு வணிகர் உறுதியாக இருந்தார்.

போர்க்காலத்தில் சென்னையில் மின்சாரம் கிடைப்பது அரிதாக, மெய்யப்பர் தம் படப்பிடிப்பு நிலையத்தைக் காரைக்குடிக்கு அருகே தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்தார். கீற்றுக் கொட்டகைகளில் இயங்கிய அந்நிலையத்தில் உருவான நாம் இருவர் 1947 சனவரியில் வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்களும் குமாரி கமலாவின் நடனமும் நாட்டைக் கவர்ந்தன. சென்னையிலிருந்து தட்டுகள் வந்து இறங்கிய ஊரிலிருந்து, தமிழகம் முழுவதற்கும் பாட்டுச் சென்றது. 1948-இல் நிலையம் கோடம்பாக்கத்துக்கு மாறியது.

பாரதியார் பாட்டு யாருக்கு உரியது?

தொடக்கத்தில் எழுந்த வினா இங்கே உச்சநிலை எய்துகிறது. பாரதியார் 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தவர். வறுமையிலே வாழ்ந்து 1921-இல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமையை 1934-இல் சூரஜ்மல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெசிங்லால் மேத்தா சில நூறு ரூபாய்க்கு வாங்கினார். அவரிடமிருந்து 1946-இல் மெய்யப்பர் அதனை ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் பாட்டின் விலை இருபது மடங்காயிற்று. கவிஞர் வாழ்நாளில் அதில் ஒரு காசும் கண்டவரல்லர்.

உரிமையை வாங்கியவர் அதனைக் காக்க முற்படுவது வணிக நெறி. 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற, மெய்யப்பர் சட்டத்தின் துணையை நாடினார். நாட்டுக்காகப் பாடிய கவிஞரின் பாட்டைப் பாட ஒரு தனிமனிதரின் இசைவு வேண்டுமா என்று எழுத்தாளர்களும் தேசபக்தர்களும் குரல் எழுப்பினர். பாரதி விடுதலைக் கழகம் என்னும் அமைப்பும் தோன்றியது. சட்டம் மெய்யப்பர் பக்கம் இருந்தது. மக்கள் உள்ளமோ மறுபக்கம் இருந்தது.

1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையில் இருந்த சென்னை அரசு, பாரதியார் படைப்புகளின் உரிமையை ஏற்பதென முடிவுசெய்தது. மெய்யப்பர் தம்மிடம் இருந்த உரிமையை ஒரு காசும் பெறாமல் அரசுக்கு அளித்தார். வழக்குத் தொடுத்தவரும் அவரே, வழங்கியவரும் அவரே. முன்னதைச் சொல்லிப் பின்னதை விடுவதும், பின்னதைப் புகழ்ந்து முன்னதை மறைப்பதும் வரலாறு ஆகா. பெரும்பொருள் கொடுத்து வாங்கியதைப் பொதுமைக்கென விடுத்த செயல், விலையால் அளக்கத்தகாத ஒன்று உண்டு என்பதை ஒரு வணிகரே ஒப்புக்கொண்ட செயலாகும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் விளைவை உண்ணலாம். நிலம் இறைவனுக்கே உரியது என்பதை அந்நாட்டு நகரத்தாருக்குப் பிறர் சொல்லவேண்டுவதில்லை.

எஞ்சியிருக்கும் கடமை

பின்னாளில் நீள இசைத்தட்டு வந்தது. எண்பதுகளில் ஒலிநாடா பரவியபோது பெருநிறுவனத்தின் தனியாட்சி தளர்ந்தது. சங்கீதா முதலிய நிறுவனங்கள் கருநாடக இசையையும் பக்திப் பாடல்களையும் வீடுதோறும் சேர்த்தன. சிறிய முதலில் யாரும் பதிந்து வெளியிடலாம் என்ற நிலை வந்தது. குறுந்தகடும் அதற்கு அப்பாற்பட்ட கருவிகளும் வந்தபின் தட்டும் நாடாவும் பழம்பொருள்களாயின. மெய்யப்பர் 1979-இல் காலமானார்.

இன்றைய இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நிலைக்கும். ஆகவே முப்பதுகளில் ஒடியன், கொலம்பியா, எச்.எம்.வி. முதலிய பெயர்களில் வந்த தட்டுகளின் ஒலி இன்று பொதுச்சொத்து. எவரும் கேட்கலாம், எவரும் வெளியிடலாம். ஆனால் உரிமை பொதுவாகிய வேளையில் பொருளே அருகிவிட்டது. அரக்குத் தட்டுகள் பரண்களில் உடைந்தன. பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. எவருக்கும் சொந்தமல்லாத பொருளைக் காப்பவரும் எவரும் இலர் என்ற நிலை, ஒருவருக்கே சொந்தமாக இருந்த நிலையினும் கொடியது.

இதற்கு வழிகாட்டியவரும் அதே சீமையில் தோன்றினார். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா, பிறர் வேண்டாவென்று ஒதுக்கிய நூல்களையும் இதழ்களையும் நாடக அறிவிப்புகளையும் பாட்டுப் புத்தகங்களையும் வாழ்நாளெல்லாம் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அச்சுக்கு அவர் ஆற்றிய தொண்டு ஒலிக்கும் ஊர்தோறும் தேவைப்படுகிறது. மதுரையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய வீடுகளில், பாட்டனார் வாங்கிய தட்டுகள் இன்னும் சில இருத்தல் கூடும். அவற்றை எறிவதற்கு முன் ஒருமுறை பெயரையும் எண்ணையும் குறித்துவைத்து, காக்க வல்லவரிடம் சேர்த்தல் நலம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்குடமுழுக்கு நடத்துவது நம் முன்னோர் வகுத்த முறை. கல்லாலான கோயிலும் காலத்தாற் சிதையும். ஆகவே சீர்செய்து மருந்து சாத்தி, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. கல்லுக்கே இது வேண்டுமெனின் அரக்கிற் பதிந்த குரலுக்கு எவ்வளவு வேண்டும்? நாதத்தை விலைக்கு விற்றவர் இறுதியில் அதனை விலையின்றி வழங்கினார். அதனைப் பெற்றவர்கள் செய்யத்தக்கது, கெடாமற் காத்து அடுத்தவர் செவிக்குச் சேர்ப்பதேயாகும்.